மூன்றாவது மொட்டை

எனக்கு ஒன்பது வயது நடந்தபோது, ஜூனுக்கும் அக்டோபருக்கும் நடுவே மூன்று முறை மொட்டை அடித்தார்கள். வேறு ஊராக இருந்தால் ஒரு பெண் குழந்தை மொட்டைத் தலையோடு தெருவில் போகும்போது, தலையில் பேன் பிடித்ததா, அம்மை போட்டதா, வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா என்று பத்துப் பேர் நிறுத்தி விசாரிப்பார்கள். திருப்பதியில் அந்தத் தொல்லை இல்லை. அங்கே மொட்டையைப் பார்த்தால் தரிசனம் நல்லபடியாக ஆனதா என்று மட்டும்தான் கேட்பார்கள். இந்த ஒரு சங்கதியைக் கண்டுபிடித்து அதன் மேல் எங்கள் குடும்பத்தையே குடிவைத்தவர் என் அப்பா. நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

அதற்கு முன்பு நாங்கள் சித்தூருக்கு வெளியே ஒரு மாம்பழக் கூழ் ஃபேக்டரியின் காம்பவுண்டுக்குள் ஒற்றை அறையில் இருந்தோம். நைனா அங்கே லோடு இறக்குவார், சீசன் இல்லாத மாதங்களில் காவல் காப்பார். ஒரு கோடையில் ஃபேக்டரி கை மாறியது. புது முதலாளி தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒரே வாரத்தில் வேலை போனது, வேலையோடு ஒட்டிக்கொண்டிருந்த அறையும் போனது. திருப்பதியில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டிபன் ஓட்டலில் நைனாவுக்கு மாவரைக்கும் வேலை கிடைத்தது. சாப்பாடு உண்டு, தங்க இடம் கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். நான், நைனா, அம்மா, நான்கு வயது தம்பி, மூன்று பைகள், ஒரு பாய், இவ்வளவுதான் திருப்பதியில் வந்து இறங்கியது.

யாத்ரிகர்கள் இலவசமாகத் தங்கும் கூடங்கள் அந்த ஊரில் உண்டு. ஒரு நாள் தங்கலாம், மறுநாள் இடத்தைக் காலி செய்துவிட வேண்டும், அடுத்த யாத்ரிகருக்கு விட வேண்டும். நியாயமான சட்டம்தான். முதல் நாள் போனபோது வாசலில் இருந்த காவல்காரர் எங்கள் பாயைச் சந்தேகமாகப் பார்த்தார். சாமி கும்பிட வருகிறவன் எதற்காகக் குடும்பப் பாயைத் தூக்கிக்கொண்டு வருகிறான்? கழிவறைக்குப் பக்கத்து மூலையைத்தான் காட்டினார்.

அந்த வாரமே மலைக்குப் போனோம். தம்பிக்கு மஞ்சள் காமாலை வந்திருந்தபோது அம்மா வேண்டிக்கொண்டது ஒன்று பாக்கி இருந்தது. நைனா, நான், தம்பி மூன்று பேரும் மொட்டை போட்டுக்கொண்டோம். அம்மா மொட்டை போடாமல் மூன்று கத்தரி முடி மட்டும் கொடுத்தாள். சந்தனம் பூசிய தலையோடு இறங்கி வந்து அதே கூடத்துக்குப் போனால், அதே காவல்காரர் எழுந்து நின்று, தரிசனம் ஆயிற்றா என்று கேட்டு, ஃபேனுக்கு அடியில் இருந்த இரண்டு பேரைத் தள்ளிப் படுக்கச் சொல்லி எங்களுக்கு இடம் கொடுத்தார். நைனா அன்று ரொம்ப நேரம் தன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். சும்மா தடவுகிறார் என்றுதான் நினைத்தேன், அவர் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அப்புறம் எங்கள் வாழ்க்கைக்கு ஒரு ஒழுங்கு வந்தது. இன்று இந்தக் கூடம், நாளை அந்தச் சத்திரம், அதற்கு மறுநாள் ரயில் நிலையம், பிறகு பஸ் நிலையத்து மாடி என்று நைனா முறை போட்டுவைத்தார். பாயைத் தூக்கி எறிந்துவிட்டு இரண்டு போர்வை வாங்கினார். யாரோ விட்டுப்போன லட்டுப் பை ஒன்றை எடுத்து அதில் தம்பியின் துணிகளைத் திணித்தார். எங்கே போனாலும் அந்தப் பையை முன்னால் தெரிகிற மாதிரி நான்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். முடி வளர்ந்து மொட்டையின் மினுமினுப்பு மறைந்தவுடன் காவல்காரர்களின் மரியாதையும் குறையத் தொடங்கும். அப்போது மறுபடியும் மலைக்குப் போய்விட்டு வருவோம். ஆகஸ்டில் இரண்டாவது மொட்டை.

அம்மாவுக்கு இது மனசுக்கு ஒப்பவில்லை. சாமியை வைத்து ஏமாற்றுகிறோமே என்று அழுதாள். நைனா அவளிடம் நிதானமாகச் சொன்னார்.

"முடி அவருக்குத்தானே போவுது? பொய் முடியா குடுக்கறோம்? எடம் இல்லாதவனுக்கு எடம் குடுக்கத்தான் அவரு அங்க நின்னுக்கினு இருக்காரு."

அம்மா மூக்கைச் சிந்திவிட்டுப் போர்வையை மடிக்கப் போனாள். 

பள்ளிக்கூடத்தில் சேர்த்தது ஜூன் மாதமே நடந்துவிட்டது. நான்காம் வகுப்பு, தெலுங்கு மீடியம். எங்களுக்குள் பேசுவது தமிழ் என்றாலும் சித்தூரிலும் அப்படித்தான் படித்தேன் என்பதால் அதில் கஷ்டமில்லை. தலைமை ஆசிரியையைப் பெத்த டீச்சர் என்று கூப்பிடுவோம், பெரிய டீச்சர் என்று அர்த்தம். உருவத்திலும் பெரியவர்தான். எங்களிடம் தெலுங்கு கலந்த தமிழில் பேசுவார். எப்போதும் யாரையாவது திட்டிக்கொண்டிருப்பார். சாக்பீஸ் உடைந்தால் திட்டுவார், மழை பெய்தால் திட்டுவார். சிரிப்பு வந்தால் அதைக் காட்டிக்கொள்ளாமல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைப்பார். முதல் நாள் எங்கள் வீடு எங்கே என்று அவர் கேட்டபோது அம்மா வாய்க்கு வந்தபடி பள்ளிக்கூடத்துப் பின் தெரு என்று சொல்லிக் கையை ஒரு பக்கமாக நீட்டினாள். பெத்த டீச்சர் எழுதிக்கொண்டார்.

பொய் சொன்னதற்குக் காரணம் இருந்தது. கூடத்தில் சந்தித்த ஒரு பெண்மணி அம்மாவை நன்றாகப் பயமுறுத்தி வைத்திருந்தாள். வீடில்லாமல் பிள்ளைகளை வைத்திருப்பது தெரிந்தால் பள்ளிக்கூடத்தில் பேரை அடித்துவிடுவார்களாம், ஆபீசர் வந்து பிள்ளைகளை ஏதோ ஒரு ஹாஸ்டலுக்குக் கொண்டுபோய்விடுவாராம், ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பார்க்க விடுவார்களாம். அம்மா என் கையைத் தம்பியின் மொட்டைத் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினாள்.

"ஊடு இல்லன்னு வாய் தவறிக்கூட சொல்லிடாத. சொன்னா உன்ன ஒரு பக்கம், தம்பிய ஒரு பக்கம் இட்டுக்கினு பூடுவாங்க."

தம்பியை யாராவது கூட்டிக்கொண்டு போவார்கள் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. ஆகவே நான் சத்தியத்துக்கு மேலேயே வேலை செய்தேன். வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பெண்ணிடம், எங்கள் வீட்டில் ஒவ்வொரு அறையும் நூறு பேர் படுக்கிற அளவுக்குப் பெரியது, தரையெல்லாம் பளிங்குக் கல், ஒரு நாள் தவறாமல் விருந்தாளி வந்துகொண்டே இருப்பார்கள் என்று சொன்னேன். இதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. அவள் வாயைப் பிளந்து கேட்டாள். மற்றவர்களிடமும் போய்ச் சொன்னாள். ஒரு மாதத்துக்குள் வகுப்பிலேயே பெரிய பணக்காரி நான்தான் என்று ஆகிவிட்டது. ஆனால் அந்தப் பணக்காரியின் சட்டைக் காலர் கறுத்துக் கிடந்ததையும், வீட்டுப்பாட நோட்டில் இட்லி மாவுக் கறை இருந்ததையும் யாரும் கேட்கவில்லை.

தசரா விடுமுறையில் மூன்றாவது மொட்டை நடந்தது. பள்ளி திறந்த திங்கட்கிழமை, பிரேயரில் நின்றுகொண்டிருந்த என் தலை மேல் பெத்த டீச்சரின் பார்வை வந்து நின்றது. பிரேயர் முடிந்ததும் அறைக்குக் கூப்பிட்டார். இது எத்தனையாவது என்று கேட்டார். மூன்று என்றேன். யாருக்கு வேண்டுதல் என்றார். முதலாவது தம்பிக்கு, இரண்டாவது சித்திக்கு, மூன்றாவது... என்று நான் தடுமாறி, மாமாவின் ஆட்டோவுக்கு என்று சொல்லிவிட்டேன். எனக்கு மாமாவே கிடையாது. பெத்த டீச்சர், இந்த ஊரில் இத்தனை வருடமாக இருக்கிறேன், ஐந்து மாதத்தில் மூன்று மொட்டை போட்ட குடும்பத்தை நான் பார்த்ததில்லை என்றார். நான் லட்டுப் பையைப் பிடிக்கிற மாதிரி புத்தகப் பையை முன்னால் பிடித்துக்கொண்டு நின்றேன்.

என் தலையை இன்னொரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார். "சரே. புதன்கிழமை சாயந்திரம் உங்க இல்லுக்கு வரேன். அம்மாவ இருக்கச் சொல்லு."

இல்லு என்றால் தெலுங்கில் வீடு. அன்று மாலை ஓட்டலின் பின்பக்கம் போய் இதைச் சொன்னதும் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பேரை அடிக்கத்தான் வருகிறார்கள் என்று புலம்பினாள். சித்தூருக்கே போய்விடலாம் என்றாள். போய் எங்கே இருப்பது என்று நைனா கேட்டார். பிறகு கிரைண்டரை நிறுத்திவிட்டு உள்ளே போய், தோசை மாஸ்டரோடு பத்து நிமிடம் பேசினார். திரும்பி வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. தோசை மாஸ்டரும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு அறை எடுத்திருந்தார்கள். அது பள்ளிக்கூடத்துக்குப் பின் தெருவிலேயே இருந்தது. அம்மா என்றோ வாய்க்கு வந்தபடி சொன்ன பொய்க்கு ஒரு கதவும் ஒரு ஜன்னலும் கிடைத்துவிட்டது. புதன்கிழமை மாலை ஒரு மணி நேரம் மூன்று பேரும் வெளியே போய்விடுவதாக ஏற்பாடு.

புதன்கிழமை அம்மா அந்த அறையை மூன்று தடவை பெருக்கினாள். சுவரில் இருந்த சினிமா நடிகையைத் திருப்பி மாட்டினாள். எங்கள் பைகளைக் கொண்டுவந்து மூலையில் அழகாக வைத்தாள். ஆனால் ஊசிப்போன மாதிரி ஒரு ஆம்பளை வாசனை அங்கே இருந்தது, அதை மட்டும் பெருக்க முடியவில்லை. கொடியில் மூன்று அளவில் பேண்ட் தொங்கியது. அதை எடுத்து எங்கே வைப்பது என்று நாங்கள் முழிப்பதற்குள் பெத்த டீச்சர் வந்துவிட்டார்.

அவர் செருப்பை வாசலில் கழற்றியதும் அம்மா பதறிப்போய், "உள்ள எட்த்துக்கினு வாங்க மேடம், அங்க உட்டா காணாம பூடும்" என்றாள். கூடத்துப் பழக்கம். பெத்த டீச்சர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். வந்தவர் தோளில் ஒரு பை இருந்தது. பையோடு யார் வந்தாலும் என்ன செய்ய வேண்டும் என்பது தம்பிக்கு நன்றாகத் தெரியும். எழுந்து போய் அவர் முன்னால் நின்று, மிகவும் மரியாதையாகக் கேட்டான்.

"எந்த ஊரு? தரிசனம் ஆயிடுச்சா?"

 பெத்த டீச்சர் அவனைக் குனிந்து பார்த்தார்.

"இதே ஊருதான் கண்ணா. ஆயிடுச்சு."

"செவுரு ஓரமா படுத்துக்கோங்க. அங்கதான் பை பத்திரமா இருக்கும்."

பெத்த டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அன்று அந்தக் கண்ணாடியில் அவ்வளவு அழுக்கு இருந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எதுவும் ஒழுங்காக நடக்கவில்லை. விளக்கு போட அம்மா சுவரைத் தடவினாள், சுவிட்ச் அகப்படவில்லை. கடைசியில் அது கதவுக்குப் பின்னால் இருப்பதை பெத்த டீச்சர்தான் கண்டுபிடித்துப் போட்டார். தண்ணீர் கொடுக்க டம்ளர் தேடினால், இருந்த ஒரே டம்ளரில் சவரப் பிரஷ் இருந்தது. எங்கள் பையிலிருந்த பிளாஸ்டிக் பாட்டிலை நீட்டினேன், அண்ணாந்து குடித்தார். பேண்ட்களைப் பார்த்து, இது யாருடையது என்று கேட்டார். எல்லாம் நைனாவுடையதுதான் என்று அம்மா சொன்னாள். அப்போதுதான் உள்ளே வந்து நின்ற நைனா எலும்பும் தோலுமாக இருந்தார். நிலைமையைக் காப்பாற்றும் பொறுப்பு என் தலையில் விழுந்ததாக உணர்ந்து, நல்லா துன்னா நைனா குண்டாயிடுவாரு என்று நான் விளக்கம் கொடுத்தேன். உட்கார்ந்திருந்த நேரம் முழுவதும் அம்மா ஒரு பையின் வாரை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டுதான் இருந்தாள். அவிழ்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

பத்து நிமிடத்தில் பெத்த டீச்சர் எழுந்துகொண்டார். என் கணக்கு வீட்டுப்பாடத்தைப் பற்றி நாலு வார்த்தை திட்டினார். போகும்போது அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "இல்லு சின்னதா இருந்தாலும் சுத்தமா வெச்சிருக்கீங்க" என்றார்.

அவர் தெருமுனை திரும்பும் வரை காத்திருந்து நைனா என்னைத் தூக்கிச் சுற்றினார். ஜெயித்துவிட்டோம். அவர் நம்பிவிட்டார். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்வார்கள், நாங்கள் அரை டஜன் பொய்யில் ஒரு வீட்டையே கட்டிவிட்டோம். ஓட்டலிலிருந்து நைனா போண்டா கொண்டுவந்தார். சத்திரத்து வராந்தாவில் உட்கார்ந்து, சுவிட்ச் தேடிய அம்மாவை நடித்துக் காட்டிச் சிரித்தோம். ஜூன் மாதத்துக்குப் பிறகு அம்மா சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

மறுநாளிலிருந்து என் யோகம் ஆரம்பமானது. பிரேயரில் பெத்த டீச்சர் என்னை முன்னால் கூப்பிட்டு நிறுத்தினார். பள்ளிக்கூடத்துக்கு மிகவும் பக்கத்தில் வீடு இருப்பது இவளுக்குத்தான், நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், ஆகவே இனிமேல் காலையில் கேட்டைத் திறக்கும் சாவி இவளிடம் இருக்கும் என்று அறிவித்தார். என்னைவிடப் பெரிய ஐந்தாம் வகுப்புப் பையன்கள் எல்லாம் இருக்க, சாவி எனக்கு! ஆறு மணிக்கே வந்து திறக்க வேண்டும், செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், டிரம்மை நிரப்ப வேண்டும். சின்னப் பெண்ணைத் தனியாக விடக்கூடாது, அம்மா கூட வர வேண்டும் என்பது கண்டிப்பான சட்டம்.

செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவள் எப்படியும் நனைந்து போவாள், அதனால் பாத்ரூமில் சோப்பு வைத்திருக்கிறேன், அங்கேயே குளித்துவிட்டு யூனிஃபார்ம் போட்டுக்கொள் என்று உத்தரவு. ஒரு செட் யூனிஃபார்ம் ஆபீஸ் பீரோவில் இருக்கும். பள்ளிக்குப் பின்னால் துணி காயப்போடும் கம்பி சும்மா துருப்பிடித்துக் கிடக்கிறதே என்று அம்மாவிடம் எரிந்து விழுந்தார். அம்மா பயந்துபோய் எங்கள் துணிகளை எல்லாம் அங்கே துவைத்துப் போட ஆரம்பித்தாள். தம்பிக்குப் பள்ளிக்கூட வயது ஆகவில்லை, ஆனால் அவன் வெளியே நின்றால் கேட்டில் ஏறுகிறான் என்று புகார் சொல்லி, அவனை ஒன்றாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்காரவைத்தார்.

இன்னொரு சட்டமும் வந்தது. அது எல்லா வகுப்புக்கும். பை தூக்கி முதுகு வளைகிறது, இனிமேல் புத்தகங்கள் பள்ளியிலேயே இருக்கட்டும், வீட்டுப்பாடத்தை நாலு மணியிலிருந்து ஐந்தரை வரை இங்கேயே உட்கார்ந்து முடித்துவிட்டுப் போங்கள் என்றார். பிள்ளைகள் எல்லாரும் அவரைச் சபித்தார்கள். நானும் ஊரோடு சேர்ந்து சபித்தேன். ஆனால் உள்ளூர எனக்கு அது சௌகரியமாக இருந்தது, ரயில் நிலையத்தில் வைத்துப் பெருக்கல் கணக்குப் போடுவது கஷ்டம். நவம்பரில் மதிய உணவு சமைக்கும் அம்மாள் ஒருவர் தன் மகள் இருக்கும் ஊருக்குப் போய்விட, பக்கத்து வீட்டுக்காரிதானே என்று சொல்லி அந்த வேலையை என் அம்மாவுக்கே வாங்கிக் கொடுத்தார்.

ஆண்டு விழாவுக்கு வரவேற்புப் பாட்டுப் பாட நான்காம் வகுப்பிலிருந்து என்னைத் தேர்ந்தெடுத்தார். ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். "கிளிப்பு நிக்கிற அளவுக்காவது முடி வேணும். இல்லன்னா மேடை இல்ல."

அங்கேதான் சிக்கல் வந்தது. டிசம்பர் பிறந்ததும் சத்திரத்துக் காவல்காரர், நீங்க இன்னும் ஊருக்குப் போகலையா என்று நைனாவைக் கேட்டுவிட்டார். நைனா ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போகலாம் என்றார். நான் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். முடி கொடுக்க மாட்டேன் என்றேன். பாட்டு எனக்குத்தான் என்றேன். வாழ்க்கையில் முதல் முறையாக நைனாவை எதிர்த்துப் பேசினேன். அவர் கையை ஓங்கினார், ஆனால் அடிக்கவில்லை. போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு திரும்பிப் படுத்துவிட்டார். எனக்கு அவர் மேல் கோபமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

மறுநாள் காலை நான் சாவியோடு நிற்கும்போது நைனா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். சட்டையை இன் செய்திருந்தார். மகள் பாட முடியாது, மன்னிக்க வேண்டும் என்று பெத்த டீச்சரிடம் சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு உண்மையைச் சொன்னால் வீடு போய்விடும், அதாவது இல்லாத வீடு போய்விடும். வேண்டுதல் என்று முணுமுணுத்தார்.

"எத்தனை வேண்டுதல்ப்பா? போதும்னு பெருமாளே சொல்லியிருப்பாரே." பெத்த டீச்சர் ஏதோ காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே பேசினார். "அது இருக்கட்டும். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். உங்க இல்லு ரொம்பச் சின்னது, நானே பார்த்தேனே. இங்க நாலு வீடு தள்ளி மாடியில ஒரு ரூம் காலியா இருக்குது. மாறிக்கிறீங்களா?"

நைனா திகைத்து நின்றார். அட்வான்ஸ் என்று இழுத்தார். அதை மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்காரரிடம் பேசிவிட்டதாகச் சொன்னார் பெத்த டீச்சர்.

"நல்ல குடும்பம், நான் அவங்க இல்லுக்குப் போய்ப் பார்த்திருக்கேன், சுத்தமா வெச்சிருக்காங்கன்னு சொல்லிட்டேன்."

நைனா சும்மா ஒத்துக்கொண்டிருக்கலாம். அவருக்கு ரோஷம். தலையைச் சொறிந்தபடி, "இப்ப இருக்கற ஊடே எங்களுக்குப் போதும் மேடம். நீங்க சொல்றதால மாத்திக்கிறோம்" என்றார். வெளியே வந்ததும் கேட்டுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, முகத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். அவருக்கு வயிற்று வலி என்று நினைத்து நான் டிரம்மிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

அந்த மாடி அறைக்கு ஒரு ஜன்னல், ஒரு அலமாரி, உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளக்கூடிய ஒரு கதவு. முதல் வாரம் முழுவதும் தம்பி காலையில் எழுந்தவுடன் தன் போர்வையை மடித்துப் பையில் வைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டான். இங்கேயேதான் இருக்கப் போகிறோம் என்று அவனுக்குத் தினமும் சொல்ல வேண்டியிருந்தது. நாங்களும் அதை எங்களுக்கே சொல்லிக்கொண்டோம்.

சங்கராந்தி கழிந்து பிப்ரவரியில் ஆண்டு விழா. என் முடி இரண்டு விரற்கடை வளர்ந்திருந்தது. பெத்த டீச்சர் தன் பையிலிருந்து ஒரு சிவப்புக் கிளிப்பை எடுத்து, திட்டிக்கொண்டே, நான்கு தடவை கழன்று விழுந்த பிறகு ஐந்தாவது தடவை நிற்கவைத்தார். வரவேற்புப் பாட்டை ஒரு வரி விடாமல் பாடினேன். பிறகு மைக்கில் என் பேர் மறுபடியும் வந்தது. வருடம் முழுக்க ஒரு நாள்கூட லீவு போடாத பிள்ளை என்று எனக்குப் பரிசு. அந்தப் பள்ளிக்கூடத்தில் அப்படி ஒரு பரிசு அதற்கு முன்பு கொடுத்ததே இல்லையாம். எவர்சில்வர் டிபன் பாக்ஸ். பெத்த டீச்சர் மைக்கைப் பிடித்துச் சொன்னார், தெலுங்கில் ஒரு தடவை, என் அம்மா அப்பாவைப் பார்த்துத் தமிழில் ஒரு தடவை.

"இல்லு பக்கத்துல இருந்தா மட்டும் போதாது. வரணும்னு மனசு இருக்கணும். வரவைக்கிற அம்மா நைனா இருக்கணும்."

கூட்டம் கை தட்டியது. நைனா தலைக்கு எண்ணெய் வைத்து வகிடெடுத்து வாரியிருந்தார், அவர் எழுந்து நின்று தட்டினார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தம்பி யாரோ ஒருவரின் மடியில் ஏறி நின்று, அது எங்க அக்கா என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தான். அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன்பு அனுபவித்ததில்லை. பிறகு வேலை கிடைத்தபோதும், திருப்பதியிலேயே சொந்தமாகச் சின்னதாக ஒரு வீடு கட்டியபோதும் அந்த அளவு வந்ததா என்று சொல்லத் தெரியவில்லை.

மேடையிலிருந்து இறங்கியபோது ஒரே ஒரு சங்கடம் மட்டும் என் மனசில் இருந்தது. பெத்த டீச்சர் எவ்வளவு படித்தவர், எத்தனை வருடம் பிள்ளைகளை மேய்த்தவர். அவரே நேரில் வந்து பார்த்தும் எங்கள் பொய்யில் ஒன்றைக்கூடக் கண்டுபிடிக்கவில்லை. சொன்னதை எல்லாம் நம்பி, சாவியைக் கொடுத்து, வேலையைக் கொடுத்து, ஊராரிடம் சாட்சியும் சொல்லி, இப்போது பரிசு வேறு கொடுக்கிறார். இவ்வளவு வெகுளியாக இருக்கிற மனுஷி இந்த ஊரில் எப்படித்தான் காலம் தள்ளப் போகிறாரோ என்று, டிபன் பாக்ஸை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அவருக்காக நான் கவலைப்பட்டேன்.